அடிமனை அவர்களுடையது, கட்டியது யாருடையது?

நம் ஊர்களில் கடை வைப்பவர் பெரும்பாலும் சொந்த இடத்தில் வைப்பதில்லை. இடம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. காலியாகக் கிடந்த மனையில் கூரை போடுகிறார். ஐந்து வருடம் கழித்துச் செங்கல் சுவர் எழுப்புகிறார். பிறகு மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், ஷட்டர், டைல்ஸ் என்று சேர்க்கிறார். வட்டிக்கு வாங்கிய பணமும் மனைவியின் தாலிக்கொடியும் அந்தச் சுவருக்குள் போகின்றன. தெருவுக்கு ஆள் நடமாட்டம் வருகிறது, இடத்தின் மதிப்பு ஏறுகிறது. அப்போது உரிமையாளர் வந்து, "காலி பண்ணுங்க, எங்களுக்கே தேவைப்படுது" என்கிறார்.

இந்த நேரத்தில் எழும் கேள்வி எளிமையானது. நிலம் அவருடையது, சரி. அதன் மேல் நாம் கட்டியது யாருடையது?

இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னையில் அதற்கென்றே ஒரு சட்டம் இருந்தது என்பது நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. அந்தச் சட்டம் யாருக்காக வந்தது, யாருக்குப் பயன்பட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு மிகவும் தேவை. கட்டியவருக்கு உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு முறையும், கையில் காகிதம் இல்லாதவர் வெளியே நின்றார். அப்படி நின்றவர்களில் நம் மக்களே அதிகம்.

1866: இரண்டு தீர்ப்புகள்

இங்கிலாந்தின் பழைய சட்ட மரபு தெளிவானது. மண்ணோடு ஒட்டியது எல்லாம் மண்ணின் உடைமையாளருக்கே. நீங்கள் நட்ட மரமானாலும் கட்டிய வீடானாலும், மண் யாருடையதோ அதுவும் அவருடையது.

வடக்கு இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்று ஒரு ஆலை நகரம். ஊர் நிலத்தில் பெரும்பகுதி ராம்ஸ்டன் என்ற ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்த மனைகளில் மக்கள் வீடும் கட்டடங்களும் எழுப்பினார்கள். பலரிடம் குத்தகைப் பத்திரம் கிடையாது. எஸ்டேட் அலுவலகத்தின் வாடகைப் புத்தகத்தில் பெயர் இருக்கும், அவ்வளவுதான். கேட்டால் நீண்ட காலக் குத்தகை தருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் கட்டினார்கள். பிரச்சினை வந்தபோது வழக்குத் தொடுத்தார்கள். முதலில் ஜெயித்தார்கள். 1866 இல் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. நம்பிக்கை சட்டப்படியான உரிமை ஆகாது என்றது. கிங்ஸ்டவுன் பிரபு மட்டும் மாறுபட்டார். நில உரிமையாளர் ஒரு நம்பிக்கையை ஊட்டி, அதை நம்பி ஒருவர் செலவு செய்வதைப் பார்த்துக்கொண்டும் இருந்தால், பிறகு அவர் கைவிரிக்க முடியாது என்பது அவர் வாதம். அன்று தோற்ற அந்த வாதத்தைத்தான் பின்னாளில் நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன.

அதே 1866 இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு வேறு மாதிரி சொன்னது. தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக். இந்த நாட்டு வழக்கப்படி, மண்ணில் ஒட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் கட்டடம் நிலக்காரருக்குப் போய்விடாது. அத்துமீறி நுழையாமல், நியாயமான உரிமையின் பேரில் இருந்து கட்டியவர் பொருட்களை எடுத்துக்கொண்டு போகலாம். நிலக்காரர் கட்டடத்தை வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

ஆக, கட்டடம் வேறு, அடிமனை வேறு என்பது இங்கே இறக்குமதியான யோசனை அல்ல. ஆனால் 1882 இல் வந்த சொத்து மாற்றுச் சட்டம், குத்தகைக்காரருக்குக் குறைந்த அளவே கொடுத்தது. அதன் 108 ஆம் பிரிவின்படி, இடம் கையில் இருக்கும்வரை தான் பொருத்தியதைக் கழற்றிக்கொண்டு போகலாம், இடத்தை முன்பிருந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும். உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பவும் கூடாது. கழற்றிக்கொண்டு போகலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. பூசிய சுவரையும் பதித்த தரையையும் எப்படிக் கழற்றுவது?

அயர்லாந்து: ஏமாந்தவர்கள் சங்கம் கட்டினார்கள்

இந்த உரிமைக்காக மக்கள் கூட்டமாகப் போராடிய நாடு அயர்லாந்து. அங்கே குத்தகை விவசாயி வயலில் வடிகால் வெட்டினால், வேலி போட்டால், விளைச்சல் கூடும். விளைச்சல் கூடினால் நிலப்பிரபு வாடகையைக் கூட்டுவார். தன் உழைப்புக்குத் தானே வாடகை கொடுக்கும் நிலை. வடக்கே அல்ஸ்டர் பகுதியில் மட்டும், வெளியேறும் குத்தகைக்காரர் தன் உரிமையை அடுத்தவருக்கு விற்கலாம் என்ற வழக்கம் இருந்தது. மற்ற பகுதிகளும் அதைக் கேட்டன.

1870 இல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த சட்டம், வெளியேற்றப்படும் குத்தகைக்காரரின் மேம்பாடுகளுக்கு இழப்பீடு என்ற கொள்கையை ஏற்றது. அது போதவில்லை. 1879 இல் நில சங்கம் உருவாகி, வாடகை மறுப்பும் புறக்கணிப்பும் நாடெங்கும் பரவின. 1881 இல் வலுவான சட்டம் வந்தது.

அப்போதும் நகரத்துக் கடைக்காரர்கள் வெளியேதான் இருந்தார்கள். வயலுக்கு ஒரு நியாயம், கடைக்கு ஒரு நியாயமா என்று அவர்களும் சங்கம் கட்டினார்கள். 1906 இல் நகரக் குத்தகைதாரர் சட்டம் வந்தது. கடைக்காரர் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு உண்டு. காரணமில்லாமல் வெளியேற்றினால், அவர் உழைத்துச் சேர்த்த வாடிக்கைக்கும், அதாவது நம் கடைத்தெருவில் 'குட்வில்' என்று சொல்கிறோமே, அதற்கும் இழப்பீடு உண்டு. இங்கிலாந்தில் இதுபோன்ற சட்டம் வர 1927 வரை ஆனது. அதில் ஒரு நிபந்தனை: வேலையைத் தொடங்கும் முன்பே உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

அயர்லாந்தில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 1870, 1881 சட்டங்கள் குத்தகை உள்ளவருக்கு உதவின. குத்தகையே இல்லாத கூலித் தொழிலாளிக்கு அவற்றில் எதுவும் இல்லை. அவர்களுக்கு 1883 இல் தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் கட்டிக் கொடுக்கும் வீடும், அதோடு அரை ஏக்கர் நிலமும் அந்தச் சட்டத்தின் வழியாக வந்தன. குத்தகைக்காரரின் வெற்றி கூலிக்காரரின் வெற்றியாகத் தானாக மாறிவிடாது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

செங்கல்பட்டு: நம் கதையின் தொடக்கம்

இனி நம் ஊருக்கு வருவோம். 1890களின் தொடக்கத்தில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்தவர் டிரமென்ஹீர். பறையர் மக்களின் நிலை பற்றி அவர் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892 இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று மீட்கப் போராடுவது அந்த நிலத்தைத்தான்.

அந்த அறிக்கையில் பயிர் நிலம் போலவே முக்கியமாக இருந்தது குடியிருப்பு மனை. சேரியில் குடிசையைக் கட்டியவர்கள் நம் மக்கள். மண்ணை மிதித்துச் சுவர் வைத்ததும், ஓலை வேய்ந்ததும், மழைக்குப் பின் திரும்பவும் எழுப்பியதும் நம் மக்கள். ஆனால் அடிமனை தன்னுடையது என்று மிராசுதார் சொன்னார். கூலி கூடக் கேட்டால், வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், அரசு நிலத்துக்கு மனுப் போட்டால், "என் மனையை விட்டுப் போ" என்பதே அவர் கையில் இருந்த ஆயுதம். ஊரில் வேறு யாரும் இடம் தரமாட்டார்கள். வீட்டைப் பறிப்பேன் என்ற மிரட்டலே ஆளைக் கட்டிப் போடப் போதுமானதாக இருந்தது.

வேறு யாருடைய மனையிலோ கட்டியவர் என்ற முறையில் நகரத்துக் கடைக்காரரும் சேரிக் குடிசைக்காரரும் ஒரே நிலையில் இருந்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. கடைக்காரர் வாடகை கொடுத்தார், சிலர் ரசீதும் வாங்கினார்கள். நம் மக்கள் கொடுத்தது உழைப்பு. உழைப்புக்கு யாரும் ரசீது எழுதித் தரவில்லை.

சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம்

முதல் உலகப் போருக்குப் பிறகு சென்னையில், மற்றவர் மனையில் வீடும் கடையும் கட்டியிருந்தவர்களை வெளியேற்றும் முயற்சிகள் பெருகின. நியாயமான அடிமனை வாடகை கொடுத்துக்கொண்டிருந்தால் யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் கட்டினார்கள். எத்தனை வருடம், முடிந்ததும் கட்டடம் என்ன ஆகும் என்ற பேச்சே எழுத்தில் இல்லை. ஹடர்ஸ்ஃபீல்டில் நடந்த அதே கதை. ஆனால் முடிவு வேறானது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்பதையே நோக்கமாகச் சொல்லி, நீதிக்கட்சி அமைச்சரவை இருந்த காலத்தில், சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெயரில் 1921 என்று இருக்கும். எண்ணில் அது 1922 ஆம் ஆண்டின் 3 ஆம் சட்டம்.

அது என்ன கொடுத்தது?

முதலாவது, இழப்பீடு. வெளியேற்றப்படும் வாடகைதாரர், தானோ தனக்கு முன் இருந்தவரோ கட்டிய கட்டடத்தின் மதிப்பையும், நட்ட மரங்களின் மதிப்பையும் பெற உரிமை உள்ளவர். வழக்குப் போடும் முன்பே உரிமையாளர், இழப்பீடு தரத் தயார் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். நீதிமன்றம் நிர்ணயித்த தொகையை 3 மாதத்துக்குள் கட்டாவிட்டால் வழக்குத் தள்ளுபடி. 5 வருடத்துக்கு மறுபடி வெளியேற்ற வழக்குப் போட முடியாது.

இரண்டாவது, அதைவிடப் பெரியது. 9 ஆம் பிரிவின்படி, வெளியேற்ற வழக்கில் சம்மன் வந்ததும் குறிப்பிட்ட கெடுவுக்குள், வாடகைதாரர் "அடிமனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள்" என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும். தொடக்கத்தில் அது முந்தைய 7 வருடங்களில் நிலவிய மிகக் குறைந்த சந்தை விலை. பிற்பாடு 3 வருடச் சராசரி என்று மாறியது.

மூன்றாவது, இந்த உரிமைகளை ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது என்று 12 ஆம் பிரிவு சொன்னது. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு: கட்டடம் எழுப்புவது குறித்துப் பதிவு செய்த எழுத்துப்பூர்வ நிபந்தனைகள். வறுமையில் இருப்பவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் புரிந்திருந்தார்கள். இன்றைய கடை ஒப்பந்தங்களைப் படித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

யார் பயன்படுத்தினார்கள்?

1955 இல் இந்தச் சட்டத்தைச் சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களுக்கும் விரிவாக்க வழி பிறந்தது. அதன் பிறகு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகளைப் பாருங்கள்.

கோவையில் ஒரு சினிமா தியேட்டர் நிறுவனம், வாடகை நிலத்தில் தியேட்டர் கட்டியிருந்தது. கெடு முடிந்ததும் இடத்தைக் காலி செய்து தருவேன் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. காலி செய்து தருகிறேன் என்ற உறுதிமொழி 9 ஆம் பிரிவின் உரிமையைப் பறிக்காது என்று 1964 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகைதாரர்களுக்கு அது நல்ல தீர்ப்பு.

அதற்கு முன்பே 1960 இல் ஒரு திருத்தம் வந்திருந்தது. பல ஊர்களில் குடியிருப்புக் கட்டடத்துக்கு மட்டும் பாதுகாப்பு என்று அது சுருக்கியது. கடைக்கும் பட்டறைக்கும் இருந்த பாதுகாப்பு அங்கே போனது. ஒரு மடத்தின் நிலத்தில் இருந்த மோட்டார் போக்குவரத்து நிறுவனம் எதிர்த்து வழக்குப் போட்டது. திருத்தம் செல்லும் என்று 1963 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

1996 இல் இன்னொரு திருத்தம், கோயில், மடம், வக்ஃபு, தேவாலயம் போன்ற சமய நிறுவனங்களின் நிலங்களை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கியது. எதிர்த்துப் போனது கோயில் நிலத்தில் இருந்த மயிலாப்பூர் கிளப். 2005 இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தமும் செல்லும் என்றது.

தியேட்டர், பஸ் கம்பெனி, கிளப். குடிசைக்கும் பொருந்தும் சட்டம் இது. 'கட்டடம்' என்பதன் விளக்கத்திலேயே குடிசையும் மண் கட்டுமானமும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட முடிந்தவர்கள் யார் என்று பார்த்தால் நிறுவனங்களும் சங்கங்களும்தான். கோயில் சொத்தைக் குறைந்த விலைக்கு ஒரு கிளப் வாங்கிவிடக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிளப்பைத் தடுக்கப் போட்ட அதே வரி, கோயில் அடிமனையில் தலைமுறையாகக் குடிசை போட்டிருப்பவரையும் பூக்கடை வைத்திருப்பவரையும் சேர்த்தே வெளியே தள்ளியது. பணக்கார வாடகைதாரரையும் ஏழை வாடகைதாரரையும் பிரித்துப் பார்க்க அந்தத் திருத்தம் முயலவில்லை.

இன்னொரு கதவும் மூடியிருந்தது. சட்டத்தின் பார்வையில் வாடகைதாரர் என்றால் நிலத்துக்கு வாடகை கொடுக்கக் கடமைப்பட்டவர். வாய்மொழி ஒப்பந்தம்கூடப் போதும்தான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டும். நடைபாதை ஓரத்தில் செருப்புத் தைக்கும் தோழர், குளக்கரையில் சலவைக் கல் போட்டவர், சேரி முனையில் டீக்கடை வைத்த அக்கா, இவர்கள் யாரிடம் வாடகை ரசீது இருந்தது? நிரூபிக்க முடிந்தவருக்குச் சட்டம் 'வாடகைதாரர்' என்று பெயர் வைத்தது. முடியாதவருக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர். இருவரும் கட்டியது ஒரே செங்கல்லில்தான்.

1971: கேட்டதால் வந்தது

கிராமத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் வர, டிரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆயின. 1961 இல் குடியிருப்புதாரர்களை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்தது. 1971 இல் வந்த குடியிருப்புதாரர் உடைமையாக்கச் சட்டம் அடுத்த படியை எடுத்தது. மிராசுதாரின் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் அந்த மனையே சொந்தம் என்றது. அயர்லாந்தின் கூலித் தொழிலாளிக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டதைப் போலவே இங்கும் தனிச் சட்டம்தான் தேவைப்பட்டது. விவசாயத் தொழிலாளர்கள் கொடி பிடித்து, அடி வாங்கி, உயிரும் கொடுத்த பத்தாண்டுகளின் முடிவில் வந்த சட்டம் அது.

ஆனால் அது குடியிருப்புக்கு மட்டும். அந்தத் தொழிலாளியின் மகளும் பேரனும் இன்று ஊரை விட்டு வந்து நகரத்தில் ஜெராக்ஸ் கடையும் சலூனும் மொபைல் ரிப்பேர் கடையும் வைக்கிறார்கள். அவர்கள் காலடியில் இருக்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் வராது.

இன்று நம் கடைகள்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1921 சட்டம் காலி மனையை வாடகைக்கு எடுத்துக் கட்டியவருக்கானது. அதுவும் சட்டம் குறிக்கும் தேதிகளுக்கு முன் தொடங்கிய வாடகைகளுக்குத்தான். கட்டிய கடையை வாடகைக்கு எடுத்து உள்ளே செலவு செய்தவருக்கு அது பொருந்தாது. இன்று நம் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. 11 மாத ஒப்பந்தம், பெரிய அட்வான்ஸ், உள்ளே சில லட்சம் ரூபாய் வேலை. தாட்கோ கடனோ வங்கிக் கடனோ வாங்கி, அந்தப் பணத்தை இன்னொருவரின் சுவரில் பதிக்கிறோம். கடை போனாலும் கடன் நம் பெயரில் நிற்கும்.

நமக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை உண்டு. கடைத்தெருவில் நமக்கு இடம் கிடைப்பதே அரிது. சாதி தெரிந்ததும் "ஏற்கெனவே ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். அதனால் கிடைத்த இடத்தை இழந்துவிடக் கூடாது என்று, எழுத்தில் எதையும் கேட்கத் தயங்குகிறோம். இந்தத் தயக்கத்தைத்தான் உரிமையாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

எனவே வரலாற்றிலிருந்து சில நடைமுறைப் பாடங்களை எடுத்துக்கொள்வோம். 2019 இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எழுத்து என்று வந்த பிறகு, நாம் செய்யப்போகும் வேலைகளையும் அதில் எழுதச் சொல்வோம். என்ன வேலை, தோராயச் செலவு எவ்வளவு, காலி செய்தால் எதை எடுத்துக்கொள்ளலாம், எதற்கு ஈடு தரப்படும் என்ற நான்கு வரிகள் போதும். வேலை தொடங்கும் முன் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவோம். குறைந்தது ஒரு குறுஞ்செய்தியாவது இருக்கட்டும். சிமெண்ட் பில்லிலிருந்து கொத்தனார் கூலி வரை எல்லாக் கணக்கையும் நம் பெயரில் வைத்திருப்போம். வாடகையை வங்கி வழியாகவே கொடுப்போம். பழைய அடிமனை வாடகையில் இருக்கும் பெரியவர்களின் ரசீது, வரிச் சீட்டு, மின் கட்டண அட்டை ஆகியவற்றைத் தேடி எடுத்து, நகல் போட்டு வைப்போம். சம்மன் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வழக்கறிஞரிடம் போவோம். 9 ஆம் பிரிவின் உரிமைக்குக் கெடு ஒரு மாதம்தான்.

இவை தற்காப்பு. தற்காப்பு மட்டும் போதாது. கடைக்காரர் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு, கையெழுத்து வாங்கியும் அதைப் பறிக்க முடியாத பாதுகாப்பு, ரசீது இல்லாத சிறு வியாபாரியின் இருப்பை வேறு சான்றுகளால் ஏற்கும் முறை, இந்த மூன்றும் சட்டமாக வர வேண்டும். முதல் இரண்டும் 100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாநிலத்தின் சட்டப் புத்தகத்தில் அடிமனைக்காரருக்காக எழுதப்பட்டவைதான். அவற்றைக் கடைக்கும் எழுதச் சொல்கிறோம். மூன்றாவது இதுவரை எழுதப்படாதது. அதை எழுத வைக்கும் வேலை நம்முடையது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் தங்கள் ஊர்க் கடைத்தெருவுக்கு ஒரு நாள் போய், எத்தனை கடைக்காரர்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்து வரட்டும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்குவோம்.